கதையும் கருதலும்

கதை கேட்கும் விருப்பம் மக்களுக்கு இயல்பாக அமைந்தது. பாட்டி கதை சொல்லி வரும்பொழுது இடையில் சிறிது நிறுத்தினால், கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை சும்மா இராது, "அப்புறம் என்ன?" என்று கேட்கும். பாட்டி உடனே விடை கூறாவிட்டால், "அரசகுமாரன் கிளியைப் பிடித்துவிட்டானா? அரக்கன் இறந்துவிட்டானா?" என்று தானே சில முடிவுகளைச் சொல்லிப் பார்க்கும். கேட்ட பகுதியைக் கொண்டு கேளாத பகுதியை அறிய முயலும் இம்முயற்சி குழந்தைகளிடம் மட்டும் காணப்படுவதன்று. வளர்ந்தோரும் கற்றோரும் இதில் ஈடுபடுகின்றனர். பல நூல்களாகத் தொடர்ந்து வெளிவரும் ஒரு பெருங்கதையில், ஒரு நூல் முடிந்து அடுத்த நூல் வெளிவராதிருக்கும் இடைக்காலத்தில் இம்முயற்சி பெரிதும் வளர்கிறது. அது வீண் பொழுதுபோக்கா, அன்றி அறிவை வளர்க்கும் பயிற்சியா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அறிவைப் பெறும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். அவற்றுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் தலையாயவை. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. அறிந்தோர் கூறக் கேட்டு அறிவது உரை. கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவது கருதல். தொலைவில் மலைமேல் புகை எழக் காண்கிறோம். நெருப்பு நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும், அங்கே நெருப்பு உண்டு என்று துணிகிறோம். இவ்வாறு துணிவதற்குக் காரணமாக நிற்கும் புகையை ஏது என்பர். பனிப்படலத்தைப் புகை என்று மயங்கி, நெருப்பு உண்டு என்று கூறினால் அது பிழையாகும். காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாத அதனை ஏதுப்போலி என்பர். மணிமேகலைக் காப்பியத்தில் இவை விரித்துரைக்கப்படுகின்றன.

வெளிவராத நூலைப் பற்றிக் கருதும் வாசகனும் இவ்வழியிலேயே செல்ல வேண்டியவன் ஆவான். அவன் பற்றியது ஏதுவா, ஏதுப்போலியா என்பதை அடுத்த நூல் வெளிவந்து காட்டிவிடும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவது, உலகெங்கும் இளைஞர் விரும்பிப் படித்த ஹாரி பாட்டர் என்னும் மாயக்கதைத் தொடர்.

ஏழு நூல்கள்

1990-ஆம் ஆண்டில் ஜே. கே. ரௌலிங் என்னும் பெண்மணி மான்செஸ்டர் நகரிலிருந்து இலண்டனுக்குப் புகைவண்டியில் சென்றுகொண்டிருந்தார். அப்பொழுது அவர் உள்ளத்தில் இக்கதையின் கரு தோன்றியது. அதனை ஏழு நூல்களில் முடிக்க வேண்டுமென்று அவர் திட்டமிட்டார். முதல் நூல் 1997-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 26-ஆம் நாள் வெளிவந்தது. முதற்பதிப்பில் கட்டடம் செய்யப்பட்ட படிகள் 500 மட்டுமே. அடுத்த மூன்று நூல்களும் 1998, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து வந்தன. ஐந்தாம் நூலுக்காக வாசகர் 2003 வரை மூன்றாண்டுகள் காத்திருந்தனர். ஆறாம் நூல் 2005-இலும், ஏழாம் நூல் 2007-இலும் வெளிவந்தன.

ஹாரி என்பவன் பெற்றோரை இழந்த சிறுவன். வோல்டெமார்ட் என்னும் கொடிய மந்திரவாதி அவர்களைக் கொன்றான். குழந்தையாயிருந்த ஹாரியையும் கொல்ல முயன்றான்; ஆனால், தாய் தன் உயிரைக் கொடுத்துக் காத்தமையால் அம்முயற்சி வீணாயிற்று. அதன் அடையாளமாக ஹாரியின் நெற்றியில் ஒரு வடு நிலைத்தது. தாயின் உடன்பிறந்தவளாகிய பெட்டூனியாவின் வீட்டில் அன்பின்றி வளர்ந்த அவன், பதினோராம் வயதில் ஹாக்வார்ட்ஸ் என்னும் மந்திரப் பள்ளியில் சேர்கிறான். அப்பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர். அங்குள்ள மற்றோர் ஆசிரியர் சினேப். சினேப் முன்பு வோல்டெமார்ட்டின் கூட்டத்தில் இருந்து விலகியவர். ஹாரியைக் கண்டாலே வெறுப்பவர். ஆயினும், டம்பிள்டோர் அவரை முழுமையாக நம்பினார். அந்நம்பிக்கைக்குக் காரணம் யாது என்பதை மட்டும் அவர் எவரிடமும் வெளியிடவில்லை.

ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையை நாம் அறிவோம். வோல்டெமார்ட்டும் அத்தகையவனே. அவன் தன் உயிரைப் பல கூறுகளாக்கி வெவ்வேறு பொருள்களில் மறைத்து வைத்திருந்தான். அவற்றையெல்லாம் அழித்தால் அன்றி அவனை வெல்லல் இயலாது. ஆறாம் நூலின் இறுதியில், டம்பிள்டோரும் ஹாரியும் கடற்கரைக் குகை ஒன்றிற்குச் சென்று, அத்தகைய பொருள்களுள் ஒன்றாகிய கழுத்துப் பதக்கத்தை எடுத்து வருகின்றனர். பள்ளிக்குத் திரும்பிய அவ்விரவிலேயே, கோபுரத்தின் உச்சியில், சினேப் டம்பிள்டோரைக் கொன்றுவிட்டு ஓடுகிறார். எடுத்து வந்த பதக்கமோ போலியானது. அதனுள் ஒரு கடிதம் இருந்தது. உண்மைப் பதக்கத்தைத் தான் முன்பே கவர்ந்துவிட்டதாகவும், அதனை அழிக்கப் போவதாகவும் அதில் ஒருவர் எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் பெயர் இல்லை, ஆர். ஏ. பி. என்னும் மூன்று தலையெழுத்துகளே இருந்தன.

இவ்வாறு இரண்டு வினாக்களை விட்டுவிட்டு ஆறாம் நூல் முடிந்தது. சினேப் யார் பக்கம் நின்றவர்? ஆர். ஏ. பி. என்பவர் யார்? இவற்றின் விடைக்காக வாசகர் இரண்டாண்டுகள் காத்திருந்தனர். அவர்கள் வாளா காத்திருக்கவில்லை. முன் வந்த ஆறு நூல்களையும் மீண்டும் மீண்டும் படித்தனர். இணையத்தின் வாயிலாக நாடு கடந்து ஒருவரோடொருவர் வாதிட்டனர். இக்கருத்துகளைத் தொகுத்து 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு தனி நூலே வெளியிடப்பட்டது.

மூன்று எழுத்துகள்

ஆர். ஏ. பி. யார் என்பதைப் பலர் ஏழாம் நூல் வெளிவருவதற்கு முன்னரே கண்டறிந்தனர். அவர்கள் சென்ற நெறி, கருதல் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதை நன்கு விளக்குகிறது.

கடிதத்தின் வாசகத்திலிருந்து அவர்கள் தொடங்கினர். எழுதியவர் வோல்டெமார்ட்டை அவன் கூட்டத்தார் அழைக்கும் பெயராலேயே அழைத்திருந்தார். ஆகவே, அவர் அக்கூட்டத்தில் இருந்து பின்னர் மாறியவராதல் வேண்டும். அத்தகையவர் எவரேனும் கதையில் வருகின்றனரா என்று அடுத்துத் தேடினர். ஐந்தாம் நூலில் சிரியஸ் பிளாக் என்பவர், தம் தம்பி ரெகுலஸ் அக்கூட்டத்தில் சேர்ந்து, பின்பு அஞ்சி விலக முயன்று உயிரிழந்தான் என்று பேச்சுவாக்கில் கூறுகிறார். ரெகுலஸ் பிளாக் என்னும் பெயரின் முதலெழுத்தும் இறுதிப் பெயரின் எழுத்தும் கடிதத்தோடு பொருந்தின.

இவ்வளவோடு அவர்கள் அமையவில்லை. பெயர் பொருந்துவது தற்செயலாகவும் நிகழலாம் அன்றோ? எனவே, பதக்கத்திற்கும் அக்குடும்பத்திற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தனர். அதே ஐந்தாம் நூலில் பிளாக் குடும்பத்தாரின் பழைய வீட்டைத் தூய்மை செய்யும் காட்சி ஒன்று வருகிறது. அங்கே கிடந்த பொருள்களைக் கூறுமிடத்தில், எவராலும் திறக்க முடியாத கனத்த பதக்கம் ஒன்றும் ஒரே வரியில் சொல்லப்படுகிறது. முதன்முறை படித்தவர் அவ்வரியைக் கவனியாது கடந்தனர். ஆறாம் நூலைப் படித்தபின் திரும்பிச் சென்றவர்க்கு அவ்வரி விளக்கேற்றியது போல் ஒளிவிட்டது.

வேறொரு திசையிலிருந்தும் சான்று கிடைத்தது. பிளாக் என்னும் ஆங்கிலச் சொல் கருமையைக் குறிக்கும். சில நாட்டு மொழிபெயர்ப்பாளர் அக்குடும்பப் பெயரைத் தம் மொழியில் கருமையை உணர்த்தும் பெயராக மாற்றியிருந்தனர். பின்லாந்து மொழியில் அது முஸ்டா என்று வழங்கிற்று. ஆறாம் நூல் அம்மொழியில் வெளிவந்தபொழுது, கடிதத்தின் அடியில் இருந்த இறுதி எழுத்தும் 'எம்' என்று மாறியிருந்தது. டச்சு மொழியில் 'இசட்' என்றும், நார்வே மொழியில் 'எஸ்' என்றும் அது மாறியது. அவ்விரு மொழிகளிலும் பிளாக் குடும்பத்தின் பெயர் அவ்வெழுத்துகளாலேயே தொடங்கிற்று. கதையினுள் தேடியவரும், மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டவரும் ஓரிடத்திலேயே வந்து சேர்ந்தனர். தனித்தனி வழியில் சென்றவர் ஒரே முடிவை அடையும்பொழுது அம்முடிவு வலிமை பெறுகிறது. ஏழாம் நூல் வெளிவந்ததும், ரெகுலஸ் ஆர்க்டுரஸ் பிளாக் என்பதே அம்முழுப்பெயர் என்பது தெளிவாயிற்று.

சினேப் நல்லவரா?

முதல் வினா பெயரைப் பற்றியது. இரண்டாம் வினாவோ ஒரு மனிதரின் உள்ளத்தைப் பற்றியது. ஆதலின் அது கடினமாயிற்று. சினேப் டம்பிள்டோரைக் கொன்றதை ஹாரி தன் கண்ணால் கண்டான். காட்சியினும் வலிய சான்று வேறு உண்டோ என்று ஒரு சாரார் கேட்டனர். ஹாரியின் பெற்றோர் இறக்கக் காரணமான செய்தியை வோல்டெமார்ட்டிடம் கொண்டு சேர்த்தவரும் சினேப்பே என்று அவர்கள் நினைவூட்டினர். மாணவரிடம் அவர் காட்டிய கடுமையையும் சுட்டினர்.

மற்றொரு சாரார், கண்டது உண்மையே. ஆனால், கண்டதன் பொருள் யாது என்று வினவினர். அவர்கள் எடுத்துக்காட்டிய ஏதுக்கள் சிலவற்றைக் காண்போம். கோபுரத்தின் உச்சியில் டம்பிள்டோர் சினேப்பின் பெயரைச் சொல்லி இரந்தார். தம்மைக் கொல்ல வேண்டா என்று இரந்தாரா, கொல்லுமாறு இரந்தாரா என்பதை நூல் கூறவில்லை. அதற்கு முன்பே ஒரு நாள் அவ்விருவரும் வாதிட்டதைப் பள்ளியின் காவலர் ஹாக்ரிட் கேட்டிருந்தார். தாம் ஒப்புக்கொண்ட ஒன்றை இனிச் செய்ய விருப்பமில்லை என்று சினேப் கூறியதாக அவர் ஹாரியிடம் தெரிவிக்கிறார். மேலும், ஆறாம் நூலின் தொடக்கத்திலிருந்தே டம்பிள்டோரின் ஒரு கை கருகிக் காணப்படுகிறது. அவர் நாளுக்கு நாள் தளர்கிறார். ஒருவேளை அவர் முன்பே சாவை எதிர்நோக்கியிருந்தவரோ என்று அவர்கள் கருதினர்.

இன்னும் நுட்பமான ஏது ஒன்றும் இருந்தது. ஐந்தாம் நூலில் பெட்டூனியா, மந்திர உலகத்தின் சிறைக்காவலர்களைப் பற்றித் தன் தங்கை லில்லியிடம் யாரோ ஒரு பையன் முன்னாளில் பேசக் கேட்டதாகக் கூறுகிறாள். அப்பையன் தன் தந்தையே என்று ஹாரி எண்ணிக்கொள்கிறான். படித்தவர் பலரும் அவ்வாறே எண்ணினர். ஆனால், பெட்டூனியா பெயர் எதனையும் சொல்லவில்லை. அதே நூலில், சினேப்பும் லில்லியும் ஒரே காலத்தில் அப்பள்ளியில் பயின்றவர் என்பதும், பிறர் சினேப்பை இழிவுசெய்தபொழுது லில்லி அவருக்காகப் பரிந்து பேசினாள் என்பதும் வருகின்றன. ஆறாம் நூலில், மருந்துக் கலவைகள் செய்வதில் லில்லி சிறந்து விளங்கினாள் என்று பழைய ஆசிரியர் ஒருவர் புகழ்கிறார். அது சினேப்பின் தனிக்கலை அன்றோ? இவற்றையெல்லாம் கோத்துப் பார்த்தவர், சினேப் லில்லியிடம் அன்பு கொண்டிருந்தார் என்றும், அவ்வன்பே அவரை மாற்றியது என்றும், டம்பிள்டோரின் நம்பிக்கைக்கு அதுவே காரணம் என்றும் துணிந்தனர்.

2006-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நியூயார்க் நகரத்து அரங்கு ஒன்றில் ரௌலிங் வாசகரைச் சந்தித்தார். புகழ்பெற்ற எழுத்தாளர் சல்மான் ருஷ்டி அவையில் எழுந்து, சினேப் நல்லவரா தீயவரா என்பதே எல்லாவற்றிற்கும் அடிப்படை என்று கூறி, அதுபற்றி வினவினார். உலகறிந்த எழுத்தாளரும் பள்ளிச் சிறுவரும் ஒரே வினாவோடு ஒரே வரிசையில் நின்றனர். கருதல் என்னும் துறையில் சிறியோர், பெரியோர் என்னும் வேறுபாடு இல்லை. ஏது உடையவரே அங்கே பெரியோர்.

ஏழாம் நூல் வழக்கைத் தீர்த்தது. சினேப் லில்லியின் இளமைத் தோழர். அவளிடம் கொண்ட அன்பால் மனம் மாறி, உயிருக்கு அஞ்சாது வோல்டெமார்ட்டின் கூட்டத்தில் ஒற்றராக வாழ்ந்தவர். சாபத்தால் இறக்கவிருந்த டம்பிள்டோரே தம்மைக் கொல்லுமாறு அவரிடம் முன்னதாக வேண்டியிருந்தார். பெட்டூனியா குறித்த பையனும் அவரே. எனினும், அவரை நம்பியவர் கட்சியும் முழுமையாக வென்றதென்று சொல்லல் இயலாது. அவர் உறுதியும் வீரமும் உடையவர் என்பது மெய்யாயிற்று. அதே வேளையில், தம்மிடம் பயின்ற சிறுவர்களிடம் அவர் காட்டிய கொடுமையும் பொய்யாகிவிடவில்லை. ஒருவரை நல்லவர் என்றோ தீயவர் என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட முயல்வோர் இரு பக்கத்திலும் பிழைபடுவர் என்பதை அந்நூல் உணர்த்திற்று.

ஏழாண்டு காத்திருந்த ஒரு வரி

கருதுவோர் ஒரு சிறு குறிப்பையும் விடார் என்பதற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. நான்காம் நூலில் வோல்டெமார்ட் ஹாரியின் குருதியைக் கொண்டு தனக்குப் புதிய உடலை ஆக்கிக்கொள்கிறான். இச்செய்தியை ஹாரி கூறக் கேட்டபொழுது, டம்பிள்டோரின் கண்களில் ஒரு கணம் வெற்றிக் களிப்புப் போன்ற ஒன்று மின்னி மறைந்தது என்று நூலாசிரியர் எழுதுகிறார். பகைவன் வலிமை பெற்ற செய்தி கேட்டு நல்லவர் மகிழ்வாரோ? சிலர் அதனைக் கொண்டு டம்பிள்டோரையே ஐயுற்றனர். வேறு சிலர், அக்குருதியே பகைவனுக்குக் கேடாக முடியும் என்று கருதினர்.

அவ்வரி அச்சேறிய ஆண்டு 2000. விடை கிடைத்த ஆண்டு 2007. தாயின் தியாகத்தால் ஹாரியின் குருதியில் நிலைத்த காப்பு வோல்டெமார்ட்டின் உடலிலும் புகுந்தமையால், அவன் வாழும்வரை ஹாரியின் உயிரும் இவ்வுலகோடு பிணைக்கப்பட்டிருந்தது. நூலாசிரியர் ஏழாண்டுகளுக்கு முன் நட்ட விதை அன்றே முளைத்தது.

பொய்த்த கருதல்கள்

வென்ற கருதல்களை மட்டும் கூறினால் செய்தி முழுமையாகாது. பொய்த்தவை மிகப் பல. அவற்றிலிருந்தும் நாம் கற்க வேண்டியவை உண்டு.

ஐந்தாம் நூலின் தொடக்கத்தில் மார்க் எவான்ஸ் என்னும் பத்து வயதுச் சிறுவனின் பெயர் ஒரே ஒரு முறை வருகிறது. ஹாரியின் தாய் லில்லி மணமாகுமுன் எவான்ஸ் என்னும் குடும்பப் பெயர் உடையவள். உடனே வாசகர் பலர், அச்சிறுவன் ஹாரிக்கு உறவினன். அடுத்த நூலில் பள்ளிக்கு வந்து சேர்வான் என்று துணிந்தனர். அவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினர். 2004-ஆம் ஆண்டில் ரௌலிங் அவர்களுக்கு விடை கூறினார். எவான்ஸ் என்பது பலர்க்கும் உரிய பொதுப் பெயர். அச்சிறுவன் கதையில் எவ்விடமும் இல்லாதவன் என்று தெரிவித்து வருந்தினார். ரெகுலஸின் பெயரும் பொருந்தியது; மார்க் எவான்ஸின் பெயரும் பொருந்தியது. முன்னதற்குப் பதக்கம் முதலிய துணைச் சான்றுகள் இருந்தன. பின்னதற்குப் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. புகைக்கும் பனிப்படலத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஹாரியின் தோழன் ரான் காலத்தில் பின்னோக்கிச் சென்று டம்பிள்டோராக வாழ்ந்தான் என்று கருதியவரும் இருந்தனர். இருவரும் நெடியவர், இருவருக்கும் செம்மை கலந்த தலைமயிர், ஒருவர் காலில் வடு உண்டு, மற்றவர் கால் ஒருகால் முறிந்தது, கதையில் காலத்தைத் திருப்பும் கருவியும் வருகிறது. ஒற்றுமைகளை இவ்வாறு அடுக்கிக்கொண்டே போனால் எவரையும் எவராகவும் காட்டிவிடலாம். முடிவை முதலில் வகுத்துக்கொண்டு, அதற்கேற்ற சான்றுகளை மட்டும் பொறுக்குவது இத்தகைய பிழைக்கு வழிகோலும்.

வேறு சிலரின் பிழை அன்பினால் விளைந்தது. டம்பிள்டோர் இறந்ததை அவர்கள் மனம் ஏற்கவில்லை. அவர் இறந்ததாக நடித்தார். மீண்டு வருவார் என்று நிறுவுவதற்காகப் பல சான்றுகளைத் திரட்டினர். முன் கூறிய நியூயார்க் அவையில் ரௌலிங், டம்பிள்டோர் இறந்தது உறுதியே என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். நிகழ வேண்டும் என்று நாம் விரும்புவது வேறு. நிகழும் என்று கருதுவது வேறு. விருப்பம் ஏதுவின் உடையை அணிந்து வரும்பொழுது அறிவு ஏமாந்துவிடுகிறது.

நூலாசிரியரும் வாசகரும்

இத்தகைய கருதல் நிகழ்வதற்கு இடம் தருபவர் நூலாசிரியரே. முடிவை வகுத்துக்கொண்டு எழுதுபவர் வழியெங்கும் சில குறிப்புகளை வைத்துச் செல்கிறார். அவற்றை வெளிப்படையாக வைத்தால் கதை சுவை இழக்கும். முற்றும் மறைத்தால் முடிவு வாசகரை ஏமாற்றியதாக முடியும். முடிவைக் கண்டபின் திரும்பிப் பார்ப்பவர், "இது முன்னரே இங்கு இருந்ததே! நான் காணவில்லையே!" என்று வியக்குமாறு அமைப்பதே திறம்.

ஆயினும், திட்டம் என்பது கல்லில் பொறித்த எழுத்தன்று. இறுதி நூல் நெற்றி வடுவைக் குறிக்கும் சொல்லோடு முடியும் என்று ரௌலிங் பல ஆண்டுகளாகக் கூறி வந்தார். அச்சில் வந்த நூலோ வேறு சொல்லோடு முடிந்தது. ஏழாம் நூலில் ஒருவர்க்கு உயிர்ப்பிச்சை கொடுத்ததாகவும், முன்பு கருதாத இருவரை இறக்கச் செய்ததாகவும் 2006-இல் அவரே கூறினார். எழுதுபவரே மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றி வாசகர் முழு உறுதி கூறுதல் எங்ஙனம் இயலும்? ஆதலால், நல்ல கருதல் எதுவும் ஒரு பணிவோடு கூடியிருத்தல் வேண்டும்.

2007-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11-ஆம் நாள், எடின்பரோ நகரத்து விடுதி அறை ஒன்றில் ரௌலிங் ஏழாம் நூலை எழுதி முடித்தார். ஜூலை 21-ஆம் நாள் அது வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 இலட்சம் படிகள் விற்பனையாயின. அதற்குச் சில நாள் முன்னரே, எவரோ நூலின் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் பரப்பிவிட்டனர். முடிவை அறிய அத்துணை ஆவல் கொண்டிருந்த வாசகருள் பலர் அப்பக்கங்களைப் பார்க்க மறுத்தனர். கணக்கைத் தாமே போட்டுக்கொண்டிருக்கும் மாணவர் விடைப்பக்கத்தைப் புரட்ட விரும்பார். முயன்று காணும் விடைக்கும் களவில் கிடைத்த விடைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தீர்ப்பு இல்லாத வழக்கு

அடுத்த நூல் வெளிவராமலே போனால் என்ன ஆகும்? ஆங்கிலப் பெருநாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1870-ஆம் ஆண்டில் எட்வின் ட்ரூட் என்னும் இளைஞன் மறைந்துபோன மருமத்தை நாவலாக எழுதிக்கொண்டிருந்தார். அது பன்னிரண்டு மாதப் பகுதிகளாக வெளிவருவதற்கு அமைந்தது. ஆறு பகுதிகளை எழுதிய நிலையில், ஜூன் திங்கள் 9-ஆம் நாள் டிக்கன்ஸ் உயிர்நீத்தார். ட்ரூட் கொல்லப்பட்டானா, கொன்றவன் யார் என்பன அவரோடு மறைந்தன. அன்று முதல் எண்ணற்றோர் அந்நாவலுக்கு முடிவு கூற முயன்றனர். 1914-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் டிக்கன்ஸ் அன்பர்கள் கூடி, ட்ரூடின் மாமனாகிய ஜாஸ்பர் மீது விளையாட்டாக ஒரு கொலை வழக்கையே நடத்தினர். எழுத்தாளர் செஸ்டர்டன் நீதிபதியாக அமர்ந்தார். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா நடுவர் குழுவின் தலைவராக இருந்தார். இறுதியில் நீதிபதி, தம்மைத் தவிர அங்கிருந்தோர் அனைவரும் நீதிமன்றத்தை அவமதித்தவர் என்று தீர்ப்புக் கூறி நகைச்சுவையோடு அவையைக் கலைத்தார்.

அறிஞர் பலர் கூடியும் அவ்வழக்குத் தீரவில்லை. தீர்ப்பதற்கு உரிய நூல் இல்லை. எனவே, சரியான கருதலும் பிழையான கருதலும் அங்கே அருகருகே நிற்கின்றன. ஏழாம் நூல் வெளிவந்தமையால் ஹாரி பாட்டர் வாசகர் பெற்ற பேறு எத்தகையது என்பது இதனால் விளங்கும். தம் கருத்துப் பிழை என்று அறிந்துகொள்வதும் ஒரு பேறே ஆகும்.

பயன்

இம்முயற்சியால் வாசகர் பெற்ற பயன் பெரிது. கதை போகும் வேகத்தில் ஓடிப் படித்தவர், நின்று நிதானித்துப் படிக்கக் கற்றனர். ஒரு கருத்தைச் சொன்னால், அது எந்நூலில் எவ்விடத்தில் உள்ளது என்று காட்டக் கற்றனர். மாறுபட்டவர் கூறும் சான்றையும் எடைபோடக் கற்றனர். முடிவு வந்தபொழுது, வென்றவர் மகிழ்ந்தனர். தோற்றவர் தாம் தவறிய இடம் எது என்று நூலைப் புரட்டிப் பார்த்தனர்.

வாழ்க்கையிலும் நாம் ஒவ்வொரு நாளும் பாதி அறிந்து மீதியைத் துணிகிறோம். ஒருவர் முகத்தைக் கண்டு அவர் மனத்தைத் துணிகிறோம். ஒரு செயலைக் கண்டு அதன் நோக்கத்தைத் துணிகிறோம். அங்கே பிழைபட்டால் ஒருவர்க்குத் தீங்கு விளையலாம். கதையில் பிழைபடுவதால் எவர்க்கும் தீங்கு இல்லை. ஆகவே, கதை நமக்குக் கிடைத்த நல்ல பயிற்சிக்களம். கதையைப் படிக்கும்பொழுது, புகையைக் கண்டோமா, பனியைக் கண்டோமா என்று ஒரு முறைக்கு இருமுறை நோக்கிப் பழகியவர், மனிதரைக் காணும்பொழுதும் அவ்வாறே நோக்குவர்.